அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்பெயினுக்குப் போனேன்

ஒயின் விற்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் அதை வீட்டில் சொல்லாமலே வந்திருப்பீர்கள். கம்பெனியில் சேல்ஸ் வேலை என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது புரிகிறது. புட்டியை எப்படித் திறப்பது, எந்தக் கிளாஸில் எவ்வளவு ஊற்றுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் என்ன செய்வதென்று தெரியாத நேரம் ஒன்று வரும். அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் மலேசியாவின் வடக்கே சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் மரம் சீவினார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். தோட்டத்துக்கு வெளியே யாரோ காய்ச்சி விற்ற சம்சு சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து படுத்தவர், மறுநாள் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் விடியலையா?" என்று கேட்டார். வெயில் அப்போது வாசற்படியைத் தாண்டி அவர் காலடிவரை வந்திருந்தது. அம்மா அவருடைய முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டுக்கு ஓடச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இறந்தது அவர் மட்டும் இல்லை. அந்தச் சரக்கைக் குடித்த இன்னும் சிலரும் போனார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை ஒயின் இறக்குமதி செய்யும் கடையில்தான். சுங்கைப் பட்டாணியில் பெரிய மளிகை வியாபாரம் அது. தோட்டத்துத் துரைமார் கிளப்புகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சீஸ், ஆலிவ் எண்ணெய், பிஸ்கட், ஒயின் எல்லாம் போகும். தேவாலயங்களுக்குப் பூசை ஒயினும் போகும். முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். புலால் தொடமாட்டார், ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். அவருடைய தகப்பனார் தொடங்கிய வியாபாரம், விட மனமில்லாமல் நடத்திக்கொண்டிருந்தார். நான் போன் எடுப்பது, பில் போடுவது, சரக்கு சரிபார்ப்பது என்று சேர்ந்தேன். அம்மாவிடம் மளிகைக் கடை என்று சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

என் மூக்கைக் கண்டுபிடித்தது முதலாளிதான். ஒரு புனித வாரத்தில் அலோர் ஸ்டார் பங்குச் சாமியாருக்குப் பூசை ஒயின் பெட்டி ஒன்றை நானே வேனில் கொண்டுபோனேன். இறக்கும்போது ஒரு புட்டியின் வாயில் கசிவு. விரலில் தொட்டு முகர்ந்தேன். காடி வாடை. இன்னொன்றைத் திறந்தேன், அதிலும் அதே வாடை. எங்கள் ஸ்டோரின் தகரக் கூரையடியில் கிடந்து மொத்தப் பெட்டியும் புளித்துப்போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. ஆனால் காடியாகிப்போன ஒயினில் செய்யும் பூசை பூசையாகாது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சாமியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பெரிய வியாழனுக்கு என்னம்மா செய்யறது?" என்றுதான் கேட்டார். பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து, அங்கே பூசைச் சாமான் வைக்கும் சாக்ரிஸ்தியில் இருந்த ஒயினில் பாதியைக் கெஞ்சி வாங்கி, மறுபடி அலோர் ஸ்டாருக்குப் போனேன்.

முதலாளி அதைக் கேட்டுவிட்டு ஸ்டோருக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதமே கூரைக்கு அடியில் பலகை அடித்தார். அதற்குப் பிறகு எண்ணெய் வந்தாலும் நெய் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் முகரச் சொல்வார். சரக்கில் தப்பு இருந்தால் வாங்குகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் வாய் வராது. இருந்தாலும் சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்பெயின் தேசத்து ஒயின் ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து நம் பக்கத்து வியாபாரிகளை அழைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பெரிய கம்பெனிக்காரர்கள் போகிறார்கள். எங்களுக்கும் ஓர் இடம் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு நீ போ என்றார். அன்றுதான் அப்பாவைப் பற்றி அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். "குடிச்சிட்டு வான்னு நான் சொல்லலம்மா. தெரிஞ்சிக்கிட்டு வான்னு சொல்றேன். எனக்குத் தெரியாத சாமான வித்துக்கிட்டு இருக்கேன். அது எனக்கே நல்லா இல்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். இனி மறைக்கக்கூடாது என்று தோன்றியது. கடை என்ன விற்கிறது, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கடைசியில், "போறதுன்னா போ பாப்பா. அந்த வாசனையோட என் வீட்டுக்குள்ள மட்டும் வந்துடாத" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார். அதுதான் என்னோடு விமானத்தில் வந்தது.

அக்டோபர் மாதம். முதலில் வடக்கே ரியோஹா. மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டம். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது. நம் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் முன்னால் சிவக்குமே, அந்த நிறம். பழம் பறிக்கும் காலம் இன்னும் முடியவில்லை. எங்களோடு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் பிலார் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி. ஓர் ஒயின் வியாபாரியின் விதவை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், வேண்டாத வார்த்தை பேசமாட்டார்.

முதல் நாள் நிலவறைக்குள் கூட்டிப்போனார்கள். படி இறங்க இறங்கக் குளிர். வரிசை வரிசையாக மரப் பீப்பாய்கள். ஒரு பீப்பாயிலிருந்து எடுத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனேன். அது நல்ல வாசனைதான். இருந்தாலும் அதற்குள் எங்கோ அந்தக் காலை நேரத்து லயத்து வீடு இருந்தது. கிளாஸைப் பீப்பாய்மேல் வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் சிரித்தது காதில் விழுந்தது.

பிலார் என் பின்னாலேயே வந்தார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் குடிப்பதில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், கீழே அதற்கென்று பாத்திரம் இருக்கிறது, உங்கள் வேலை இதை ஞாபகம் வைத்துக்கொள்வது மட்டும்தான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டில் பிறந்தவளுக்குத் துப்பச் சொல்லித்தர வேண்டுமா என்று அவருக்கு விளக்கினேன். அவரும் சிரித்தார். இருவரும் கீழே இறங்கிப் போனோம். மாலைக்குள் அந்தக் கூட்டத்திலேயே சுத்தமாகத் துப்புகிறவள் நான்தான் என்று பெயரெடுத்துவிட்டேன்.

கற்றுக்கொண்டேன். ஒரே திராட்சை, மேட்டில் விளைந்தால் ஒரு வாசனை, ஆற்றோரம் விளைந்தால் வேறு. பீப்பாயில் ஓராண்டு கிடந்ததும் பல ஆண்டு கிடந்ததும் அண்ணன் தம்பிபோல, சாடை ஒன்று, குணம் வேறு. ஒயினைப் பற்றி எழுத எனக்கு ஆங்கிலச் சொல் போதவில்லை. புது ஓலைப் பாய், ஈரச் சாக்கு, வறுத்த மிளகு, நாவல் பழக் கறை என்று தமிழிலேயே எழுதிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாரோ எழுதிவைத்த வாசனையை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்த பேரைச் சொல்லுங்கள்.

அங்கே எனக்கு மறக்க முடியாதது ஒரு மதியச் சாப்பாடு. எமிலியோ என்ற விவசாயியின் வீடு. அவர் சிறு தோட்டக்காரர், தன் பழத்தில் தானே ஒயின் செய்கிறவர். வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிக் கட்டைகளைக் கொளுத்தி, அந்தத் தணலில் ஆட்டு எலும்புக்கறி வாட்டிப் போட்டார்கள். நீள மேசை. அவர் மனைவி, கல்யாணமான மகள், பேரப்பிள்ளைகள், நாங்கள். எமிலியோ எல்லோருக்கும் ஊற்றினார். தனக்கும் ஊற்றிக்கொண்டு, சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். யாரும் குரலை உயர்த்தவில்லை. மேசையில் பிள்ளைகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த மகள் ஒரு தடவைகூடத் தகப்பன் முகத்தைப் பயந்து பயந்து பார்க்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்தபோது, கடைசியாகத் திறந்த புட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் தக்கையை எடுத்து அழுத்தி மூடி அலமாரியில் வைத்தார்.

நான் அந்தப் புட்டியையே பார்த்தேன்போலிருக்கிறது. எனக்கு இன்னும் வேண்டுமோ என்று அவர் மறுபடி எடுக்கப் போனார். இல்லை, எங்கள் தோட்டத்தில் திறந்த புட்டியை யாரும் மூடி நான் பார்த்ததில்லை என்று பிலாரிடம் சொன்னேன். பிலார் ஸ்பானிய மொழியில் சொன்னார். எமிலியோ கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ பதில் சொன்னார். அதை பிலார் எனக்குச் சொன்னார்: "நாளைக்கும் சாப்பாடு இருக்கிறதே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக்கும் சாப்பாடு இருக்கும், நாளைக்கும் இதே மேசை இருக்கும் என்று ஒரு மனிதன் இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. என் அப்பாவுக்கு அந்த நம்பிக்கை இருந்ததா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அவர்மேல் வருத்தம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவருக்காக வருத்தப்பட்டேன்.

அங்கிருந்து தெற்கே ஹெரெஸ். அது வேறு தேசம் மாதிரி. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு மண், அக்டோபரிலும் நம்மூர் வெயில். பக்கத்தில் சான்லூகர் என்று ஒரு துறைமுக ஊர், ஆறு கடலில் சேரும் இடம். படகுகள், வலை, மீன் நாற்றம், கரையோரம் சாப்பாட்டுக் கடைகள். நான் நம் மீனவர் ஊர் தஞ்சோங் டாவாயில் நிற்பதுபோலவே இருந்தது. அங்கே செய்யும் வெளிர் ஒயினில் அந்தக் கடல் காற்றின் உப்பு தெரிகிறது. பீப்பாய்க்குள் ஒயினின் மேல் பாலாடை மாதிரி ஒன்று படிகிறது. அது மூடியிருக்கும்வரைதான் அந்த ஒயின் பச்சை ஆப்பிள் வாசனையோடு இருக்கும். ஆடை போனால் வாசனையும் போகும். அதே ஊரில், ஆடையில்லாமல் காற்றுப்பட்டுக் கறுத்து முதிர்கிற ஒயினும் உண்டு. வெயிலில் பழத்தைப் பாயில் பரப்பி உலர்த்திச் செய்கிற கறுப்புப் பாகு போன்ற ஒன்றும் உண்டு. பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் சேர்ந்த வாசனை அது.

அங்கே எங்களோடு சுற்றிய விற்பனை மேலாளர் கெட்டிக்காரர். வெளிர் ஒயினைத்தான் தள்ளினார். பேர் பெற்றது, எல்லோரும் கேட்பது, மொத்தமாக எடுத்தால் சலுகை. சிங்கப்பூர்க்காரர் கையெழுத்துப் போட்டார், கோலாலம்பூர்க்காரர்களும் போட்டார்கள். என் முறை வந்தது. எனக்கு எங்கள் ஸ்டோர் ஞாபகத்துக்கு வந்தது. பலகை அடித்த பிறகும் மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது. சரக்கு அங்கிருந்து லாரியில் ஏறி வெயிலில் தோட்டம் தோட்டமாகப் போகவேண்டும். எங்கள் ஊர்ச் சூட்டைத் தாங்குமா என்று கேட்டேன். தாங்கும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா என் கையில் இருந்தது.

புறப்படும் முன்னால் சொல்கிறேன் என்றேன். அந்த வெளிர் ஒயினில் ஒரு புட்டியை வாங்கி, நாங்கள் சுற்றிய பஸ்ஸின் சாமான் அறையில் என் பெட்டிக்குள் போட்டேன். சில நாள் அது எங்களோடு வெயிலில் அலைந்தது. கடைசி நாள் அதையும் அவர்கள் கிடங்கிலிருந்து எடுத்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி மேலாளரிடமே கொடுத்தேன். வெயிலில் அலைந்ததில், வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பேறிப்போனமாதிரி வாசனை சோர்ந்துவிட்டிருந்தது. அவர் இரண்டையும் முகர்ந்தார். பிறகு என் முன்னால் இருந்த பேப்பரை அவரே எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உங்களுக்கு இது வேண்டாம் என்று சொல்லி, கறுத்து முதிர்ந்ததையும் இனிப்பானதையும் ரியோஹாவின் சிவப்பையும் எழுதிக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். எங்கள் வெயிலை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கீழே வைப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் மிகவும் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா வாசலில் நின்று என் தலைமுடியை முகர்ந்து பார்த்தார். தேத்தண்ணியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். மாதாமாதம் அப்படித்தான்.

சரக்கு வந்து இறங்கியது. முதலாளி எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார், இனிப்பு ஒயினை முகர்ந்துவிட்டு, "பஞ்சாமிர்தம் மாதிரி இருக்கும்மா" என்றார். வியாபாரம் நன்றாகவே போனது. அடுத்த ஆண்டுக் கடைசியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கேட்டவர் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர். படித்த தமிழர், மனசு உள்ளவர். கிறிஸ்மஸுக்கு லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த இனிப்பு ஒயின் ஒரு புட்டி பரிசாகத் தரவேண்டும் என்றார். நான் தயங்கினேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சம்சு குடிச்சுச் சாகறாங்க. நல்ல சாமான் ஒன்னு என்னன்னு அவங்களுக்கும் தெரியட்டுமே. உங்களுக்கு இது தெரியாதா?"

எனக்குத் தெரியும். எமிலியோவின் மேசையை நானே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. கடைக்கும் அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து, தோட்டத்து ஆபீசிலிருந்து லயத்துக்கு நடந்தே போனேன்.

அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார் என்றும் சொன்னேன். அம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"கடைசி வீட்டு ராயப்பன் குடிய விட்டுட்டான். ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"சாயங்காலம் ஆனா கை ஒதறும். வெளிய எறங்கமாட்டான். அவன் பொண்டாட்டி கதவச் சாத்திக்கிட்டு அவன்கிட்ட ஒக்காந்து செபமால சொல்லுவா. எங்களுக்கெல்லாம் கேக்கும்." கீரையைக் கூடையில் அள்ளிப் போட்டார். "அவன் வீட்டுக்கும் ஒரு புட்டி குடுப்பாங்களா பாப்பா?"

நான் அங்கிருந்தே ஆபீசுக்குத் திரும்பினேன். மேனேஜரிடம் இந்த ஆர்டரை என்னால் எடுக்க முடியாது என்றேன். யாருடைய பெயரும் சொல்லவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் குடியோடு போராடிக்கொண்டிருக்கும் வீடு இந்த லயத்தில் இருக்கிறது, அந்தக் கதவைத் தட்டி நாம் இதைக் கையில் கொடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது. வேறு கடையில் வாங்கமுடியாதா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் ஜன்னல் வழியாக லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். கேக்கும் பேரீச்சம்பழமும் என்றேன்.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் ஒயின் கணக்கைக் கேட்கவில்லை. "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கானாம்?" என்றுதான் கேட்டார். ராயப்பனை அவருக்குத் தெரியவும் தெரியாது.

நாம் விற்கிற பொருள் நல்லதாகவே இருக்கலாம். எந்த வாசலுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். அதற்குப் புத்தகம் கிடையாது. போய் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கம்போலப் படியில் உட்காரப் போனவளை, "உள்ள வா, தோச ஆறுது" என்றார். போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். பசியாறி முடித்தேன். கை கழுவிவிட்டு வந்ததும் அம்மா எதிரில் உட்கார்ந்து, அந்த ஊரில் பழம் பறிக்கிறவர்கள் ஆம்பளைகளா பொம்பளைகளா என்று கேட்டார். நான் போய்வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஊரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இரண்டு பேரும்தான் என்றேன். குனிந்து பறிக்கவேண்டுமா, நின்றுகொண்டா என்றார். குனிந்துதான், கொடி இடுப்பு உயரம்கூட இருக்காது, சின்னக் கத்தியால் காம்பை அறுப்பார்கள் என்றேன். காலையில் எத்தனை மணிக்கு இறங்குவார்கள், குளிருக்கு என்ன போட்டுக்கொள்வார்கள், கூடை கனமாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தெரிந்ததைச் சொன்னேன். அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மழ பேஞ்சா அவங்களுக்கும் வேல இல்லையா?" என்றார். மழை பெய்தால் ரப்பர் மரம் சீவ முடியாது, அன்றைக்குக் கூலியும் இல்லை.

ரியோஹாவில் ஒரு காலை மழை பெய்தது. பறிக்க வந்த பெண்கள் கொட்டகைக்கு அடியில், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லம்மா. அவங்களுக்கும் இல்ல."

"அப்ப நம்ம மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா எனக்கு இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்ற எழுந்தார்.